அக்கரைத் தொட்டி

மேசையின் தலைமாட்டில் தலைமைப் பொறியாளர். அவருக்கு வலப்பக்கம், காலி டம்ளரை உருட்டியபடி நகரசபைத் தலைவர். கதவோரம் ஸ்டூலில் ஜீப் டிரைவர். ஜன்னலடியில், எழுதவேண்டிய தாளோடு நிலவியலாளரான அவள்; தலைவர் அவளுக்குச் சித்தப்பா.

கலெக்டருக்கு எழுதவேண்டியது ஒரே வரிதான். நிலச்சரிவு நின்றுவிட்டது, கீழே குடியிருந்தவர்கள் வீடு திரும்பலாம்.

கையெழுத்து அவளுடையது.

"போடும்மா. அக்கரைப் பள்ளிக்கூடத்துல தரையில படுத்துப் படுத்து உன் தங்கச்சிக்கே முதுகு போச்சு. கைக்குழந்தைக்காரி. ஊர்ல எல்லாரும் என் சட்டையைத்தான் பிடிக்கிறாங்க," என்றார் சித்தப்பா.

பேனா மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

அது மேல்மண் மட்டும் சரியும் சரிவு அல்ல. எட்டு மாடி ஆழத்தில் ஈரக் களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து பாதி மலையே ஆற்றைப் பார்த்து நழுவியது. உள்ளே குழாய்களைச் செருகி நீரை வடித்தார்கள். அடிவாரத்தில் பாறைகளைக் கொட்டி முட்டுக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு வாராவாரம் அளந்தாள். சரிவுக்குப் பக்கத்தில், கெட்டித் தரை என்று தேர்ந்து கட்டிய இந்த அலுவலகத்தின் முற்றத்துத் தூணில் கருவியை ஏற்றி, சரிவில் நட்ட கம்பங்களுக்குத் தூரம் பார்ப்பாள். மழைக்காலம் முழுக்க ஒரு நூல்கூட மாறவில்லை.

அதுதான் உறுத்தியது. வடிகுழாய்களில் இன்னும் சேறு கலந்தே வருகிறது. இவ்வளவு பெரிய மலை இப்படியா மூச்சுவிடாமல் கிடக்கும்?

"வேணுங்கற பதில் வந்தாலும் உனக்குப் பிடிக்காதா?" என்றார் பொறியாளர்.

ஜீப்பைத் திருப்பி நிறுத்த டிரைவர் எழுந்தார். கதவு இடித்தது. தோளால் ஒரு தள்ளு.

"ஆசாரி ரெண்டு தடவை இழைச்சிட்டாரு சார். இது திருந்தாத ஜென்மம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே மேலே விரல் நுழைந்தது. கீழே காகிதம்கூட நுழையவில்லை.

கருவியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். தூணில் ஏற்றினாள். சரிவின் பக்கம் திருப்பவில்லை. ஆற்றைத் தாண்டி, அக்கரைப் பாறைமேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திருப்பினாள். தூண் கட்டிய அன்று ஒரே ஒருமுறை அளந்த தூரம் அது. பிறகு அதை யார் தேடினார்கள்?

ஒருமுறை அளந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தாள்.

திரும்பி வந்தபோது சித்தப்பா பேனாவைத் திறந்து தயாராக நீட்டினார்.

"தொட்டி ஒரு சாண் கிட்ட வந்திருக்கு சார்."

"ஏன், அதுக்குக் கால் முளைச்சுதா?" பொறியாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. மேசை விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தூணும் கம்பமும் சேர்ந்தே போனா, நடுவுல தூரம் எங்க சார் மாறும்?"

சித்தப்பாவின் டம்ளர் மெல்ல உருண்டு மேசையோரத்தில் நின்றது. இந்தமுறை அதை அவர் உருட்டவில்லை.

அவள் எழுதினாள். முதலில் நினைத்ததைவிடச் சில வரிகள் கூடின; 'திரும்பலாம்' என்ற சொல் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டு, மடித்து, உறையிலிட்டு, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

உறையின் மூலையில் அனுப்புநராக இந்த அலுவலகத்தின் முகவரி அச்சாகியிருந்தது. அதை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில், அக்கரைப் பள்ளிக்கூடம், தங்கை படுத்திருக்கும் வகுப்பறையின் எண்.

டிரைவர் உறையை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். கதவை யாரும் சாத்தவில்லை.