கை நிறைய

அவளுடைய சமையல் நோட்டில் 'முந்திரி: கை நிறைய' என்று இருந்தது.

யார் கை?

அவர் தன் கையைப் பார்த்தார். பெரிய கை. மைக்கைப் பிடித்தால் விடாத கை. அதில் அள்ளினால் டப்பா காலி.

நோட்டு அவளுடையது. அப்படியென்றால் கையும் அவளுடையதுதான்.

படுக்கையறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார். போர்வைக்கு வெளியே கிடந்தது மனைவியின் கை. அதில் இப்போது நாலு முந்திரி நின்றால் அதிகம்.

திரும்பி வந்து தன் கையாலேயே அள்ளினார்.

அவள் தொண்டைக் கட்டிக்கு முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்திருந்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் ருசியும் போயின. ஆறு வாரமாகக் கஞ்சித் தண்ணீர்தான். செவ்வாய்க்கிழமை எடை பார்ப்பார்கள். இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஏதோ சலுகை அறிவிப்பதைப் போல.

இன்று காலை அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த முந்திரி ரொட்டி கெடச்சா ஒரு வாய் திம்பேன்."

ஆறு வாரத்தில் அவள் வாய் விட்டுக் கேட்ட முதல் பொருள்.

'அந்த' என்றால் வீட்டில் அவள் சுடுவது. கடையில் கிடைக்காது.

அவர் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் வேதியியல். ஊரில் அவர் வாழ்த்திப் பேசாத விழா கிடையாது. 'இரண்டே வார்த்தை' என்று தொடங்குவார். முடிக்கும்போது பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பீரோவில் எழுபத்தோரு பொன்னாடைகள்.

அவற்றில் ஒன்றைத்தான் இப்போது இடுப்பில் சுற்றியிருந்தார். அடுக்களைக்குள் வேறு எதைக் கட்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மைதாவைச் சலித்தார். பாதி தரையில்.

முட்டையை உடைத்தார். ஓட்டைப் பொறுக்கினார்.

வெண்ணெயையும் சீனியையும் கைவலிக்க அடித்தார். வாழைப்பழத்தை மசித்தார். சோடா உப்பை மட்டும் மிகத் துல்லியமாக அளந்தார். அது அவருடைய துறை.

நோட்டில் கடைசி வரி: 'டின்னில் ஊற்றி, குக்கரில் 40 நிமிடம்.'

அவ்வளவுதான். தனக்காக எழுதிக்கொண்டது. அடியில் மணல் மட்டும் போதும், வெயிட்டும் வேண்டாம் ரப்பரும் வேண்டாம் என்பதை அவள் எதற்குத் தனக்கே எழுதிக்கொள்ள வேண்டும்?

தண்ணீர் இல்லாமல் குக்கரை வைக்கக் கூடாது. சமையலில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. இரண்டு டம்ளர் ஊற்றினார். பாதுகாப்புக்கு இன்னும் அரை டம்ளர்.

டின்னை இறக்கினார். மூடினார். வெயிட் போட்டார்.

சற்று நேரத்தில் முதல் விசில்.

ரொட்டி விசில் அடிக்காது. கட்டிலில் கிடந்தவளுக்கு அது தெரியும்.

தலையைத் தூக்கினாள். கூப்பிட வாயைத் திறந்தாள்.

அடுக்களையிலிருந்து, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதை அறிவிக்கும் குரலில், "ஒண்ணு" என்று கேட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு விசில்.

திறந்தபோது வெளுத்துப் போய் இருந்தது. மேலெல்லாம் வியர்த்திருந்தது. வாசனை ரொட்டியுடையது. உடம்பு இட்லியுடையது.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று முப்பத்தொரு வருடம் பிள்ளைகளைக் கேட்டவர். ஆவியில் வெந்தது சிவக்காது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கத்தியால் கீறிப் பார்த்தார். கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுபடி செய்ய முட்டை இல்லை. முந்திரியும் இல்லை.

குப்பைக்கூடையைப் பார்த்தார். படுக்கையறைப் பக்கம் பார்த்தார்.

பொன்னாடையை அவிழ்த்து, அதனால் டின்னைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வாங்கிய நாளிலிருந்து அதற்குக் கிடைத்த முதல் வேலை.

கட்டிலில் உட்கார்ந்தார். அவளை எழுப்பித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஸ்பூன் நுனியில் கொஞ்சமாய் எடுத்தார்.

அவள் டின்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள்.

முந்திரி வெந்து வெண்ணெயாகியிருந்தது. மெல்ல ஒன்றுமில்லை. நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினாள். குழைந்தது.

தொண்டை ஏறியது. அங்கேயே நின்றது.

அவர் மூச்சு விடவில்லை.

இறங்கியது.

இருமல் வரவில்லை.

ஓரம் சிவந்து, மொறுமொறுவென்று, சரியாக வந்திருந்தால் இந்தத் தொண்டையில் அது எப்படி இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோரணையை மீட்டுக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

கனைத்துக்கொண்டார்.

"அதாவது, இதுல என்ன நடந்திருக்குன்னா..."

"விழுங்குத நேரத்துல பேசாதீங்க." பாதி காற்றாகிப் போன குரல். "சிரிப்பு வந்து பொரையேறிரும்."

அவர் நிறுத்தினார். எந்தச் சபையாலும் முடியாத காரியம்.

இரண்டாவது ஸ்பூன்.

மூன்றாவதற்கு அவளே வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

ஹாலில் போன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நாலாவது வாய் இன்னும் உள்ளே இறங்கவில்லை.

எழுந்தால் கட்டில் ஆடும்.