புகைக்குக் குறுக்குவழி

மணல்மேட்டின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிய வண்டியைக் கல்ஃபான், மேடேறும் போட்டிக்கு வந்தவர்கள் கூடியிருந்த கூடாரத்துக்கு நேரெதிரே, அதன் மூக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினான்.

எஞ்சினை அணைக்கவில்லை.

மேடேறிய வண்டியில், எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சட்டென்று அணைத்தால் அதிலிருக்கும் எண்ணெய் கருகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். லிவா பாலைவன மணலில் வண்டி ஏற்றுகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்த விஷயம் என்பதற்காகக் கல்ஃபான் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

பக்கத்து இருக்கையில் அவனுடைய வாப்பா மத்தர் உட்கார்ந்திருந்தார். ஒட்டகப் பந்தயக்காரர். மகனின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ புது வீட்டுக்கோ அவர் தலை ஒருமுறைகூட அசைந்ததில்லை. இன்று மேடேறக் கூட வந்ததே பெரிது. அந்தத் தலை ஒரே ஒருமுறை சரியென்று ஆடிவிட்டால் போதும், இன்று ஜெயித்த கோப்பையைக்கூடத் தோற்றுப்போன ஹுமைத்துக்கே கொடுத்துவிடலாம் என்றிருந்தது கல்ஃபானுக்கு.

"ஏறிடுச்சு பாத்தீங்களா, வாப்பா?"

"ஒட்டகமுந்தான் ஏறும். இப்படி இருமிக்கிட்டு ஏறாது. தலை வலிக்குது, கதவைச் சாத்து. மண்ணு வருது."

குளிர்காற்று கூடாரத்தின் பக்கமிருந்து வண்டியின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கல்ஃபான் ஜன்னல்களை ஏற்றினான். ஹீட்டரைக் கூட்டினான். கதவை அழுத்திச் சாத்தினான்.

நல்ல மகன்தான்.

கூடாரத்தில் அவனுக்கு நடு இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். காவா என்கிற அரபுக் காப்பி வந்தது. அங்கே கிண்ணத்தை ஆட்டிக் காட்டினால்தான் போதுமென்று அர்த்தம். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊற்றுகிறவரை பேசலாம்.

கல்ஃபான் கிண்ணத்தை ஆட்டவில்லை.

"டர்போவைச் சுத்தவைக்கிறது எது?" என்று ஆரம்பித்தான். யாரும் பதில் சொல்வதற்கு அவன் இடம் வைக்கவில்லை. எஞ்சின் துப்பும் புகைதான் அதைச் சுழற்றுகிறது. சுழற்றிய புகை தடையில்லாமல் வெளியே போக வேண்டும். கம்பெனிக்காரன் என்ன செய்கிறான்? குழாயை வளைத்து, நெளித்து, வண்டிக்கடியில் வால்வரை இழுத்துக்கொண்டு போகிறான். புகை வழியிலேயே திணறி டர்போவைத் திருப்பி அமுக்குகிறது. வண்டி சோம்பேறியாகிறது.

"நான் சைலன்சரையே கழட்டிப் போட்டுட்டேன். டர்போவிலிருந்து ஒரு முழம் குழாய், நேரா பானெட்டைத் துளைச்சு மேலே. அவ்வளவுதான். மிதிச்ச மாத்திரத்துல பறக்குது."

குழாயின் வாய் முன்கண்ணாடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளி முலாம் வேறு பூசியிருந்தான்.

சித்தப்பா மகன் ஹுமைத் தோற்ற வயிற்றெரிச்சலோடு பேரீச்சம்பழம் மென்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, வண்டிக்குள்ள காத்து போற ஓட்டையும் அங்கேதானே இருக்கு? புகையை நீயே குடிக்கிற மாதிரில்ல வச்சிருக்கே."

"ஒட்டகம் மேய்க்கிறவன் கேள்வி," என்றான் கல்ஃபான். கூடாரம் சிரித்தது. "வண்டி ஓடும்போது காத்து புகையைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போயிடும். விஞ்ஞானம்டா!"

சிரிப்பு அடங்கியபோதுதான் அவன் வண்டியைப் பார்த்தான்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் வாப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தலைத்துணி கண்வரை இறங்கியிருந்தது. முகவாய் மார்பில் படிந்திருந்தது. ஆனால் தலை ஆடியது. மெதுவாக, மேலும் கீழுமாக, மகன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்வதுபோல.

கல்ஃபான் கையை நீட்டி வண்டியைக் காட்டினான்.

"பாருங்க," என்றான். "வாப்பாவே சரிங்கறாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மத்தர் கிழவர் தலையாட்டுவதை அந்தக் கூடாரத்தில் யாரும் கண்டதில்லை. ஒரு பெரியவர் 'மாஷா அல்லாஹ்' என்றார்.

அதற்கப்புறம் கல்ஃபானை யார் பிடிக்க முடியும்? கிண்ணத்தை மறுபடி நீட்டினான். குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேசினான், வாப்பா தலையாட்டினார். சும்மா ஓடும்போதே தட்டில் வைத்த பழம் துள்ளுமளவுக்கு வண்டி குலுங்குவதைப் பற்றி, அது குறையல்ல, எஞ்சினின் நாடித்துடிப்பு என்று பேசினான், அதற்கும் தலையாட்டினார். ஏறும்போது கனம் கூடக் கூடாதென்று டாங்கியில் துளிபோலத்தான் பெட்ரோல் ஊற்றிய சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினான். அதற்கும்.

"போதும், போய் அணைச்சிட்டு வா," என்றான் ஹுமைத். "டர்போ இந்நேரம் பனிக்கட்டி ஆகியிருக்கும்."

"இருடா. அவரு கேட்டுக்கிட்டிருக்காரு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த மகன் எழுந்து போவான்?

அவன் தன் முடிவுரைக்கு வந்தான். குரலை உயர்த்தி, கூடாரத்தை விட்டுவிட்டு, நேராக முன்கண்ணாடியைப் பார்த்தே சொன்னான்.

"புகை எந்த வழியா போகுதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு, வாப்பா."

வண்டி இரண்டு தரம் இருமியது. குலுங்கியது. டாங்கி வற்றி எஞ்சின் நின்றுபோனது.

வாப்பாவின் தலையும் நின்றது.

 ஹுமைத் கையிலிருந்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். பிறகு வண்டியை நோக்கி ஓடினான்.

கல்ஃபான் நகரவில்லை. சத்தம் போதாமல்தான் கேட்கவில்லை என்பதுபோல, அதே வாக்கியத்தை இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் கிண்ணம் தானாக ஆடத் தொடங்கியது. காவா ஊற்ற வந்தவன் போதுமென்று எண்ணி விலகிப் போனான்.