நிழலில் வளர்ந்த கன்றுகள்

போடி மலையடிவாரத்து வீட்டின் பின்புறம், பச்சை வலைப் பந்தலுக்குள் மகாராணி குந்தியிருக்கிறாள். மடியில் ஈரத்துணிச் சுருள். நேற்றுக் காற்றில் சாய்ந்துவிட்ட அவள் பிறந்த வீட்டு மாமரத்தின் கடைசிக் குச்சிகள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பென்சில் பருமன். அவற்றை ஒட்டுக் கட்ட அதே பருமனில் ஒரு நாட்டு மாங்கன்று வேண்டும். மண் நிரப்பிய பழைய பால் பாக்கெட்டுகளில் நிற்கும் கன்றுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கிறாள். எல்லாம் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று உயர்ந்து, ஈர்க்குச்சி போல் மெலிந்து, தொட்டதும் ஆடுகின்றன. “ஏங்க, இது மாங்கன்னா, அவரக்கொடியா? மாவுக்கு எவனாச்சும் பந்தல் போடுவானா?” கன்றுகளை வளர்த்தவன், ஏலக்காய்த் தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்யும் அவள் கணவன் சின்ராசு, தலையைச் சொறிகிறான். “மலையில நெழல் இல்லாம எதையும் வளத்ததில்ல, மகா. வெயில் பட்டாக் கருகிருமேன்னுதான்...” அவளுக்குச் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. “பக்கத்துல தேவாரம் ஊர்ல யார்ட்டயாச்சும் கன்னு கேப்பமா?” என்கிறான். “போன் போட்டுட்டேன். அங்கயும் இல்லையாம். இந்தக் குச்சி நாலு நாளைக்கு மேல தாங்காது.” துணியைப் பிரிக்கிறாள். நுனி மொட்டுகள் இன்னும் பசுமையாகத்தான் இருக்கின்றன. வெட்டுவாயில் மட்டும் பால் உறைந்து கறுத்திருக்கிறது. மறுபடி தண்ணீர் தெளித்துச் சுருட்டுகிறாள். “இனியாச்சும் தண்டு பெருக்கட்டும்” என்று சின்ராசு எழுந்து வலையின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்குகிறான். உச்சி வெயில் கன்றுகளின் மேல் மொத்தமாக இறங்குகிறது.