சீத்தாப்பழ ஐஸ்கிரீமின் கடைசிப் படலம்

ஒரு முழுநாள் குளிரில் தூங்குவான். அரை மணி நேரமே வேலை செய்வான். ஆனாலும் அவனைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. யார் அவன்? சரியாகச் சொன்னீர்கள், வீட்டு ஐஸ்கிரீம் இயந்திரத்தின் கிண்ணம்தான்.

அன்று போட்ட சீத்தாப்பழ ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது. கிண்ணத்தின் உட்சுவரில் மட்டும் ஒரு படலம் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டித் தின்னச் சிறுமி ஷமீமா எவர்சில்வர் கரண்டியை எடுத்தாள்.

கிண்ணம் நடுங்கியது. குளிரைப் பிடித்து வைக்கும் நீர்மம் அதன் சுவருக்குள்தான் இருக்கிறது. சுவரில் கீறல் விழுந்து அது ஒழுகிவிட்டால், அப்புறம் அந்தக் கிண்ணத்தில் எதுவும் உறையாது.

“ஏய் குண்டா, அசையாமல் இரு! ஒரே இழுப்புதான்!” என்றது கரண்டி.

“அண்ணே, அவளை ஒரு அதட்டு அதட்டுங்கள்!” என்றது ஐஸ்கிரீமைக் கிண்டும் பிளாஸ்டிக் துடுப்பு.

“அவளை அதட்ட எனக்கு மனம் வரவில்லை, தம்பி” என்ற கிண்ணம், ஷமீமாவிடம் மெதுவாகப் பேசியது.

“பாப்பா, போன வாரம் என்னைக் கையாலேயே கழுவினாய். ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஃப்ரீசரில் வைத்தாய். இன்று ஐஸ்கிரீம் இவ்வளவு நன்றாக உறைந்தது அதனால்தான். ரொம்ப நன்றி. இந்தக் கரண்டியைப் பார்த்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.”

“பார், பார், எப்படி ஐஸ் வைக்கிறான்!” என்று கரண்டி சிரித்தது.

ஷமீமா கரண்டியைக் கீழே வைத்தாள். படலம் இளகிப் பாலாகும்வரை காத்திருந்து, அதைக் குடித்தாள்.