அவள் வைத்தது வெள்ளை

ஒஹாயோவின் ஆகஸ்ட் வெயிலில் என் மனைவி டெலியாவின் ஃபிளாக்ஸ் பூச்செடிகள் என் நெஞ்சுயரம் நிற்கின்றன. பூவெல்லாம் இருமல் மருந்தின் ரோஸ் நிறம். இலையெல்லாம் சாம்பல் நோய். தொட்டால் விரலில் மாவாக ஒட்டுகிறது. நோய்க்கு நேற்று தெளித்த பால் புளித்து நாறுகிறது, ஈ மொய்க்கிறது. இன்றும் தெளிக்கிறேன். செத்துப்போன டெலியா விட்டுப்போனதில் உயிரோடிருப்பது இவைதான். அவள் தங்கை ரோவீனா வேலிக்கதவைத் திறந்து வந்து மூக்கைப் பொத்துகிறாள். "கண்றாவி! களைக்குப் போய் பால் ஊத்தி வளர்க்கிறியா வெஸ்லி?"

"உங்க அக்கா வெச்சது."

"அவ வெச்சது வெள்ளை. பூ வாடினா விதை விழாம கிள்ளிப் போடுவா. அவ படுத்த மூணு வருஷமும் யாரு கிள்ளினா? விதை விழுந்து முளைச்சா வெள்ளை வராது, இந்த ரோஸ் கண்டதுதான் வரும். ஏன், அக்கா பூ என்ன கலர்னு நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. தண்டுகளை விலக்குகிறேன். அடியில், நெருக்கத்தில், முழங்காலுயரத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கொத்து சாய்ந்து கிடக்கிறது. ரோவீனா மூக்கிலிருந்து கையை எடுக்கிறாள். பிசுபிசுத்த ரோஸ் செடியொன்றை வேரோடு பிடுங்குகிறேன். இந்தக் கோடை முழுக்கத் தினமும் காலையில் "எழுந்துட்டியா?" என்று டெலியாவிடம் கேட்பதாய் நான் கேட்டது இதனிடம்தான்.