பயம் தெளியும் வரை

"நாய்க்கு நகம் தேய்க்க மெஷினா?"

கடை வாசலிலேயே நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி வீட்டுக்கு இரண்டு நாள் தங்க வந்தவள், தம்பி மனைவி பையை எடுத்ததும் நானும் வரேன் என்று ஒட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். காய்கறி வாங்கப் போகிறாள் என்று பார்த்தால், இவள் நேராக நாய் பூனை சாமான் விற்கிற கடைக்குள் நுழைகிறாள்.

நாத்தனாருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'ஹைகோர்ட்'. விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அப்பீலும் கிடையாது.

நேற்று வந்ததுமே அவள் கண்ணில் பட்டது அப்பாவின் கால்தான். சர்க்கரை வியாதிக்காரர். நகமெல்லாம் தடித்து வளைந்து, கட்டைவிரல் நகம் சதையைக் குத்திக்கொண்டிருந்தது. ஹைகோர்ட் பதறிப்போனாள். கிட்டே போகத்தான் அருவருப்பாக இருந்தது. அதனால் தள்ளி நின்றே ஒரு மூச்சு அழுதுவிட்டு, இந்த வீட்டில் அப்பாவை யாரும் கவனிப்பதில்லை என்று தீர்ப்பும் எழுதி முடித்துவிட்டாள்.

"விலை கம்மியா இருக்கணும். ஆனா சத்தம் வரக் கூடாது," என்றாள் தம்பி மனைவி.

கடைக்காரர் லைட் எரிகிற பெரிய மெஷினைத்தான் முதலில் நீட்டினார். லைட் எங்க வீட்டுலயே இருக்கு என்று அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டாள். இருப்பதிலேயே மலிவானதை ஓடவிட்டால், மிக்ஸி மாதிரி கத்தியது. நடுத்தரமான ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்திலேயே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சூடு ஏறுமா, வேகத்தைக் குறைக்க முடியுமா, முனையில் சுற்றியிருக்கிற உப்புத்தாளை மட்டும் தனியாக மாற்றலாமா என்று அந்த மனுஷரைக் குடைந்தெடுத்தாள்.

கடைக்காரர் சலிக்காமல் பதில் சொல்லிவிட்டு, நாய் எப்படிப்பட்டது என்று விசாரித்தார்.

"வயசாயிடுச்சுங்க. நகம் ரொம்பத் தடிப்பு. சுகர் வேற இருக்கு, காயம் பட்டா லேசுல ஆறாது. யாரையும் காலைத் தொட விடறதில்ல."

ஹைகோர்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. நாய்க்கு சுகர் டெஸ்ட் வரைக்கும் எடுத்திருக்கிறாள்.

எடுத்த எடுப்பில் நகத்தில் வைக்கக் கூடாது, பக்கத்தில் ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்கணும், பயம் தெளிந்ததும் ஒவ்வொரு நகமாகத் தேய்க்கணும் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். அவள் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டாள்.

ஹைகோர்ட் வெளியே வந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் குரல் தழுதழுக்கப் பேசி அனுப்பினாள்.

"எங்கப்பா காலைப் பார்த்தா கண்ணுல ரத்தம் வருது. இங்க மகாராணி நாய்க்கு நகம் தேய்க்க மெஷின் வாங்கிட்டிருக்காங்க. கேக்க ஆளே இல்லையா?"

வீடு போய்ச் சேருவதற்குள் சித்தி, அத்தை, பெரியப்பா பையன் என்று எல்லாரும் தம்பி மனைவியைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

வீட்டில் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் நாய் படுத்திருந்தது. தம்பி மனைவி பழைய பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு உதவி பண்ணணுமே. இதுக்கு நகம் தேய்க்கணும், ஆனா மெஷினைக் கண்டு மிரளும். முதல்ல உங்க நகத்துல வெச்சுக் காட்டினா இதுக்கும் பயம் தெளிஞ்சிடும்."

பெரியவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். நகம் வெட்ட வந்த மகனை விரட்டியடித்தவர். ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டபோதும், என் காலை எனக்குப் பார்த்துக்கத் தெரியும் என்று முறைத்தவர். குனிந்தால் அவர் கை முழங்காலுக்குக் கீழே போகாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

மெஷினைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"அதுக்காகன்னா சரி," என்று காலை நீட்டினார்.

அவள் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் தேய்க்க ஆரம்பித்தாள். பெரியவர் நாய்க்குப் பாடம் எடுத்தார். ஒண்ணுமில்ல பார், லேசாக் கூசும், அவ்வளவுதான் என்று தைரியம் சொன்னார். நாய் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹைகோர்ட் அப்போதுதான் நாயின் காலைக் கவனித்தாள். தினமும் தெருவில் ஓடித் தேய்ந்த நகம். மெஷின் வைத்துத் தேய்க்க அதில் ஒன்றுமே இல்லை. வயசு, தடிப்பு, சுகர் என்று கடையில் கேட்டதெல்லாம் யாரைப் பற்றி என்பது மெதுவாக உறைத்தது. முகம் சுருங்கிப்போனது.

"அண்ணி, மாமா குதிகாலைக் கொஞ்சம் தாங்கிப் பிடிங்களேன்."

ஹைகோர்ட் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய்விட்டாள். தூசி அவளுக்கு ஒத்துக்காதாம்.

கடைசி நகமும் முடிந்தது. பெரியவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இனி அதுக்குப் போடும்மா."

"அதுக்கு இன்னும் பயம் தெளியல மாமா. அடுத்த வாரமும் நீங்கதான் காட்டணும்."

"சரி, என்ன பண்றது," என்று பெரியவர் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

தம்பி மனைவி பேப்பரை மடித்துக்கொண்டு கை கழுவப் போனாள். ஹைகோர்ட்டின் போன் மறுபடி அதிர்ந்தது. சித்திதான் கேட்டிருந்தாள், இப்போது அப்பா கால் எப்படி இருக்கிறது என்று.

நடந்ததைச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். ஹைகோர்ட் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவின் காலை அழகாக ஒரு போட்டோ எடுத்து, கீழே எழுதி அனுப்பினாள்.

"நான் வந்துதான் பார்க்க வேண்டியிருந்தது சித்தி. எல்லா நகத்தையும் தேய்ச்சு விட்டாச்சு."