பூஜ்யம் வாங்கிய முத்துத்தாய்

"இது தொத்துற வியாதி இல்லைய்யா! ஒட்டி உட்காரு!"

பெஞ்சின் கோடிக்கு நகர்ந்துவிட்ட நோயாளி பேயாண்டியை டாக்டர் வெங்கட்ரமணன் அதட்டினார். அதே பெஞ்சில் இருந்த முத்துத்தாய்க்கு இரண்டு கைகளிலும் தோல் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பசுமலையில் தோல் வியாதிக்கு இலவச முகாம். புதுக் களிம்பு கொஞ்சம்தான் வந்திருந்தது. வியாதியால் வாழ்க்கை எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு கேள்வித் தாளைப் பார்த்துக் கேட்டு மார்க் போடுவார்கள். பத்துக்கு மேல் வாங்கியவர்களுக்குத்தான் களிம்பு.

முத்துத்தாயின் முறை வந்தது.

"பஸ்ஸில் போக வர சிரமம் உண்டா?"

"இல்லவே இல்லைங்க. நான் உக்காந்தா பக்கத்து ஆளு எந்திரிச்சுருவாரு. திருநகர்லேருந்து ரெண்டு ஆளு சீட்டுல தனியா வந்தேன்."

டாக்டர் பூஜ்யம் போட்டார்.

"கடைக்குப் போனால்?"

"எம்புட்டுக் கூட்டம் இருந்தாலும் எனக்குத்தான் மொதல்ல போட்டு அனுப்புவாக."

பூஜ்யம்.

"கல்யாணம், காதுகுத்து?"

"யாருங்க கூப்பிடுறா? அலைச்சலே இல்ல."

பூஜ்யம்.

"டீக்கடையில்?"

"குடிச்ச டம்ளரை எனக்கே குடுத்துருவாக. வீட்டுல ஆறு டம்ளர் சேந்துருச்சு."

டாக்டர் பேனாவை வைத்தார். "ஏம்மா, உனக்கு ஒரு கஷ்டம்கூடவா இல்லை?"

"ஏ ஆத்தா, இருக்குன்னு சொல்லித் தொலை! களிம்பு போயிரும்!" கோடியிலிருந்தே கத்தினான் பேயாண்டி.

"கேட்டதுக்குத்தானே அண்ணே சொல்ல முடியும்? அரிப்புல நான் கண்ணு மூடி ஒரு மாசம் ஆச்சு. அந்தக் களிம்பு கெடைச்சா தூங்கிருவேன். அதை அவுக கேக்கவே இல்லையே."

"தூக்கம் இந்தத் தாளில் இல்லைம்மா" என்றார் டாக்டர். மொத்தம் பூஜ்யம் என்று கூட்டி, 'வாழ்க்கை மிக நன்று' என்று எழுதினார்.

"இங்கே கைநாட்டு வை."

முத்துத்தாய் மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தித் தாளில் வைத்தாள். பெட்டியை மூடி மரியாதையாக டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"பரவாயில்லைம்மா. அதை நீயே கொண்டுபோயிரு."

முத்துத்தாய் மைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இதுக்கு எத்தனை மார்க், டாக்டர்?"